ஓடையைத் தாண்டினால் வேறு மேரி

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் பல வகை. கோவில் பூசைக்கு வரும் குருக்கள், தமிழ் வகுப்பெடுக்க வருபவர்கள், புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு குடியேறும் குடும்பங்கள். யாராக இருந்தாலும் முதல் வாரத்தில் கேட்பது இரண்டு கேள்விதான்: "அங்கே போக எத்தனை கிலோமீட்டர்?", "இதுக்கு எந்த ஆபீஸுக்குப் போகணும்?" இரண்டுக்கும் விடை இந்தத் தீவின் மலைச்சரிவிலும் ஓடைகளிலும் இருக்கிறது. ஓடையைத் தாண்டினால் வேறு மேரி, அதாவது வேறு நகராட்சி அலுவலகம். சரிவு புரியாமல் வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு அலைந்தால் பெட்ரோலும் வீண், விடுப்பும் வீண்.

முதலில் நிலம். தீவு தென் அட்சரேகை 21 பாகையில், மொரீஷியஸுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 175 கி.மீ. தூரத்தில், மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கி.மீ. தூரத்தில் கிடக்கிறது. பரப்பு 2,512 சதுர கி.மீ. நீலகிரி மாவட்டமும் ஏறக்குறைய இதே அளவுதான். உயரத்திலும் ஒற்றுமை உண்டு: இன்றும் நெருப்புக் கக்கும் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் 2,632 மீட்டர், தொட்டபெட்டாவுக்குக் கிட்டத்தட்டச் சமம். அடங்கிப்போன மூத்த எரிமலை பித்தோன் தெ நேஜ் 3,070 மீட்டர். கடற்கரையிலிருந்து அந்த உச்சிக்கு நேர்க்கோட்டில் 20 கி.மீ. சொச்சம்தான். அந்த 20 கி.மீட்டருக்குள் தென்னை, கரும்பு, பனிமூட்டக் காடு, மொட்டைப் பாறை எல்லாம் வந்துவிடும். சேன் பியேர் கடற்கரையில் வியர்த்துக்கொண்டிருப்பவர் ஒரு மணி நேரத்தில் ப்ளேன் தே காஃப்ர் ஏறிப்போனால் ஸ்வெட்டர் தேடுவார். ஜூலை, ஆகஸ்டில் அங்கே காலையில் புல்மேல் உறைபனி கிடக்கும்.

தக்காணத்தில் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைப் பாறையைக் கொட்டிய அதே வெப்ப ஊற்றுதான் இந்தத் தீவையும் எழுப்பியது. நிலத்தட்டு வடக்கே நகர நகர, லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், மொரீஷியஸ் என்று அதன் தடம் கடலுக்குள் நீள்கிறது. ரீயூனியன் அந்த வரிசையின் கடைக்குட்டி. கடலுக்கு மேலே தலைகாட்டி இருபது, முப்பது லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. பாறை இன்னும் இறுகவில்லை, சரிவுகள் இன்னும் தணியவில்லை. சாலைச் சிக்கல், தண்ணீர்ச் சிக்கல், எல்லைச் சிக்கல் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

பித்தோன் தெ நேஜைச் சுற்றி மூன்று மாபெரும் பள்ளங்கள்: வடகிழக்கில் சலாசி, தெற்கில் சிலாவோஸ், வடமேற்கில் மஃபாத். இவற்றுக்கு சிர்க் என்று பெயர். செங்குத்தான சுவர்கள் சூழ்ந்த குழிக்குள் ஊர்கள் இருக்கின்றன. தண்ணீர் வெளியேற ஒரே ஒரு வாய்; சலாசிக்கும் சிலாவோஸுக்கும் சாலையும் பெரும்பாலும் அந்த வாய் வழியாகத்தான் ஏறுகிறது. சேன் லூயியிலிருந்து சிலாவோஸ் 37 கி.மீ., 400-க்கும் மேற்பட்ட வளைவுகள். 1932-ல் திறந்த இந்தச் சாலையில் சில சுரங்கங்கள் ஒற்றை வண்டி அகலம்தான். உள்ளே நுழையுமுன் ஹாரன் அடித்து, எதிரே விளக்கு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சேன் தெனியிலிருந்து சேன் பியேர் 80 கி.மீட்டருக்கு மேல், நெரிசல் இல்லாவிட்டால் அதுவும் ஒரு மணி நேரம்தான். ஆகவே யாராவது கிலோமீட்டர் சொன்னால் அதை விட்டுவிட்டு, கடலோரமா மலையா என்று கேளுங்கள்.

காற்று தென்கிழக்கிலிருந்து வீசுவதால் கிழக்குக் கரையில் மழை கொட்டும், மேற்குக் கரை மழை மறைவில் காயும். எரிமலையின் கிழக்குச் சரிவில் சில இடங்களில் ஆண்டுக்கு 10 மீட்டருக்கும் மேல். மேற்கே கடலோரத்தில் சில இடங்களில் அரை மீட்டர் பெய்தாலே பெரிது. 24 மணி நேரத்தில் அதிக மழை என்ற உலகச் சாதனை இங்கேதான்: 1966 ஜனவரியில் ஃபோக்-ஃபோக்கில் 1,825 மி.மீ. 2007 பிப்ரவரியில் காமேத் புயலின்போது கொமெர்சோன் எரிமலை வாய் அருகே 72 மணி நேரத்தில் 3,929 மி.மீ. சென்னையில் மூன்று ஆண்டுகளில் பெய்யும் மழையை மூன்று நாளில் கொட்டிய கணக்கு. அதே புயலில் ரிவியேர் சேந்தெத்தியேன் ஆற்றுப் பாலம் ஒன்று இடிந்து விழுந்து, தெற்கின் போக்குவரத்தே ஆட்டம் கண்டது.

கிழக்கில் மிஞ்சுவதை மேற்குக்குக் கொண்டுபோக மலையைக் குடைந்தார்கள். சலாசியிலும் மஃபாத்திலும் ஓடும் ஆறுகளின் நீரைப் பிடித்து, சுமார் 30 கி.மீ. சுரங்கங்கள் வழியாக மேற்குக் கரும்பு வயல்களுக்கு அனுப்பும் திட்டம் 1989-ல் தொடங்கியது. முடிய இருபது ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. சேன் போல் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர் திறக்கும் குழாயில் வருவது பெரும்பாலும் மலைக்கு அந்தப்பக்கத்து மழை.

இனி எல்லை. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் நிலம் எழுதிக் கொடுத்தபோது, அலை அடிக்கும் இடத்திலிருந்து மலை உச்சி வரை என்றுதான் எழுதினார்கள். பக்கவாட்டு எல்லைக்கு ஓடையோ ஆறோ. அந்தப் பழக்கமே கொம்யூன் எனப்படும் நகராட்சிகளின் எல்லைகளிலும் தொடர்கிறது. வட்டமான அடையை நடுவிலிருந்து ஓரம்வரை கீறிய துண்டுகள் போல, உச்சியில் ஒடுங்கிக் கடலோரம் விரியும் கொம்யூன்கள். சேந்தாந்த்ரேக்கும் பிரா பனோனுக்கும் நடுவே ரிவியேர் து மா. சேன் பெனுவாவுக்கும் சேந்த் ரோஸுக்கும் நடுவே ரிவியேர் தெ லெஸ்த். சேன் லூயிக்கும் சேன் பியேருக்கும் நடுவே ரிவியேர் சேந்தெத்தியேன். பாலம் தாண்டினால் மேரி மாறும், குப்பை வண்டியும் தண்ணீர் பில் அனுப்புகிறவரும் மாறலாம்.

இதில் ஒரு சங்கடம். மேட்டில் இருக்கும் இரண்டு ஊர்கள் பறவைக்கு இரண்டு கி.மீ. தூரம்தான் என்றாலும், நடுவே 200 மீட்டர் ஆழ ஓடை இருந்தால் கடற்கரைக்கு இறங்கி, பாலம் தாண்டி, மறுபடி ஏற வேண்டும். மேற்கே ஹுபேர் தெலில் சாலை போல மேட்டிலேயே குறுக்காக ஓடும் சாலைகள் விதிவிலக்கு. வீடு பார்க்கும்போது "கோவில் பக்கத்திலேயே" என்று தரகர் வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டினால், ஒருமுறை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

மொத்தம் 24 கொம்யூன்கள். அவற்றில் ஐந்துக்குக் கடலே கிடையாது: சிலாவோஸ், சலாசி, ப்ளேன் தே பால்மிஸ்த், தம்போன், ஆந்த்ரு தெ. இவை பெரிய துண்டுகளிலிருந்து பின்னால் வெட்டி எடுத்தவை. தம்போன் 1925-ல் சேன் பியேரிலிருந்து பிரிந்தது; சிலாவோஸ் 1965-ல் சேன் லூயியிலிருந்து பிரிந்தது. பரப்பில் பெரியது சேன் போல், சுமார் 241 சதுர கி.மீ. சிறியது துறைமுக ஊரான லெ போர், 17 சதுர கி.மீட்டருக்கும் குறைவு. மக்கள்தொகையில் முதலிடம் தலைநகரான சேன் தெனிக்கு. முதல் குடியேற்றம் சேன் போலில்தான். 1738-ல் ஆளுநர் லா பூர்தொன்னே ஆட்சித் தலைமையை சேன் தெனிக்கு மாற்றினார்.

கொம்யூன்களுக்கு மேலே நான்கு அரோந்திஸ்மான், நம் கோட்டம் மாதிரி. சேன் தெனியில் பிரெஃபெக்தூர், அதாவது பிரெஞ்சு அரசின் ஆட்சியர் அலுவலகம். சேன் பெனுவா, சேன் போல், சேன் பியேர் மூன்றிலும் துணை பிரெஃபெக்தூர். வடக்கில் 3 கொம்யூன், கிழக்கில் 6, மேற்கில் 5, தெற்கில் 10. இதற்குக் குறுக்கே, கொம்யூன்கள் கூட்டாகச் சேர்ந்த ஐந்து அமைப்புகள் வேறு: வடக்கே சினோர், கிழக்கே சிரெஸ்த், மேற்கே தேசெஓ. தெற்கு மட்டும் சிவிஸ், கசூத் என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. குடிநீர், கழிவுநீர், குப்பை, நகரப் பேருந்து எல்லாம் இந்தக் கூட்டமைப்புகளின் பொறுப்பு. குப்பைத்தொட்டி வரவில்லை என்று மேரி வாசலில் நிற்பது வீண். கூட்டமைப்பைக் கூப்பிட வேண்டும்.

மஃபாத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன எல்லாச் சிக்கலும் ஒரே இடத்தில் கூடியிருப்பது அங்கேதான். அங்கே சாலை இல்லை. நடந்து போக வேண்டும், அல்லது ஹெலிகாப்டர். சுமார் 700, 800 பேர் இலே எனப்படும் சிறு மேட்டு ஊர்களில் வாழ்கிறார்கள். மின்சாரம் பெரும்பாலும் சூரியத் தகடுகளிலிருந்து. சிமெண்ட், எரிவாயு உருளை, கடைச்சாமான் எல்லாம் ஹெலிகாப்டரில் உள்ளே போகும், குப்பை அதிலேயே வெளியே வரும். பள்ளத்தின் நடுவே ஓடும் ரிவியேர் தே கலே எல்லையாகிறது: ஓரேர், லா நூவெல் போன்றவை லா பொசெசியோன் கொம்யூனில், ரோஷ் ப்ளாத், மர்லா சேன் போலில். நிலம் பொதுச் சொத்து, வனத்துறை மேற்பார்வை. குடியிருப்பவர்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள், கிரயம் பண்ண முடியாது.

லா நூவெலுக்கு எளிய வழி சலாசிப் பக்கம் கோல் தே பெஃப் கணவாயிலிருந்து இறங்குவது, சுமார் இரண்டு மணி நேரம். கார் நிறுத்துமிடம் சலாசி கொம்யூன், சேன் பெனுவா கோட்டம். கணவாய் தாண்டிக் கால் வைப்பது லா பொசெசியோன் கொம்யூன், சேன் போல் கோட்டம். காரில் ஏதாவது களவு போனால் புகார் ஒரு பக்கம், ஊருக்குள் கால் முறிந்தால் கோப்பு இன்னொரு பக்கம். பெரும்பாலும் நண்பகல் வாக்கிலேயே மேகம் இறங்கிவிடும் என்பதால் காலையிலேயே கிளம்புங்கள். மழை எச்சரிக்கை இருந்தால் பாதைகளை மூடுவார்கள். அந்த அறிவிப்பைப் பார்க்காமல் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு.

முகவரி எழுதுவதில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில. 24 கொம்யூன்களில் 12 புனிதர் பெயரில் இருப்பவை. ஆனால் புனிதர் பெயருள்ள ஊரெல்லாம் கொம்யூன் இல்லை. சேந்த் க்ளொதில்த் என்பது சேன் தெனியின் பகுதி, அஞ்சல் எண் 97490. சேந்த் ஆன் சேன் பெனுவாவைச் சேர்ந்தது, 97437. சேன் ழீல் லே பேன் கடலோரம், சேன் ழீல் லே ஓ மேடு. இரண்டும் சேன் போல். புவா தெ நேஃப்ல் என்ற பெயரில் சேன் தெனியிலும் ஓர் ஊர், சேன் போலிலும் ஓர் ஊர்.

அஞ்சல் எண்ணுக்கும் புள்ளியியல் துறையின் கொம்யூன் எண்ணுக்கும் ஒரே உருவம்: 974-ல் தொடங்கி ஐந்து இலக்கம். சேன் தெனியின் அஞ்சல் எண் 97400, கொம்யூன் எண் 97411. அஞ்சல் துறையைப் பொறுத்தவரை 97411 சேன் போலின் புவா தெ நேஃப்ல். அதேபோல 97410 அஞ்சலில் சேன் பியேர், கொம்யூன் எண்ணாக சேன் பெனுவா. பிறந்த இடத்தின் எண் கேட்கும் படிவத்தில் அஞ்சல் எண்ணைப் போட்டால், சேன் பியேரில் பிறந்த குழந்தை காகிதத்தில் சேன் பெனுவாவில் பிறந்ததாகிவிடும். கொம்யூன் எண்கள் பிரெஞ்சு அகரவரிசைப்படி 01-லிருந்து போகும். சிலாவோஸ் மட்டும் 97424, பட்டியலின் கடைசி. 1965-ல் பிறந்ததால் வாலில் ஒட்டிவிட்டார்கள்.

எந்த வேலைக்கு எந்த ஆபீஸ்

புதுச்சேரிக்காரர்களுக்குக் கொம்யூன், மேரி எல்லாம் பழகிய சொற்கள். புதிதாகத் தெரிவது, ஒரே தீவுக்கு இரண்டு சட்டமன்றம் மாதிரி இரண்டு மன்றங்கள் இருப்பது. 1946 மார்ச் 19 சட்டப்படி குடியேற்ற நாடு என்ற நிலை போய், ரீயூனியன் பிரான்சின் மாவட்டமாயிற்று, எண் 974. 1982-ல் மண்டலம் என்ற அடுக்கும் வந்தது. மாவட்டமும் மண்டலமும் ஒரே நிலம் என்பதால் ஒரே மன்றம் போதும் என்று அப்போதைய அரசு முயன்றது. அரசமைப்பு மன்றம் அதை அடித்துவிட்டது. மர்தினீக், கயானா பின்னாளில் ஒன்றாக்கிக்கொண்டன. ரீயூனியன் இன்னும் இரண்டோடுதான் இருக்கிறது: 25 தொகுதிகளிலிருந்து ஆண் ஒருவர், பெண் ஒருவர் என 50 பேர் கொண்ட மாவட்ட மன்றம்; 45 பேர் கொண்ட மண்டல மன்றம். பாரிஸுக்கு 7 மக்களவை உறுப்பினர்களும் 4 செனட்டர்களும் போகிறார்கள். தெற்கைத் தனி மாவட்டமாக்கும் பேச்சு 2000-ஐ ஒட்டிச் சூடுபிடித்து அடங்கியது.

மற்றக் கடல்கடந்த மாவட்டங்கள் சில துறைகளில் தாங்களே விதி வகுத்துக்கொள்ள 2003 அரசமைப்புத் திருத்தம் வழி திறந்தது. ரீயூனியனுக்கு மட்டும் அது கிடையாது என்று 73-வது பிரிவில் ஒரு பத்தி. அதைச் சேர்த்தவர் சேந்தாந்த்ரேயைச் சேர்ந்த தமிழ் வம்சாவளி செனட்டர் ழான்-போல் விராபுல்லே. பிரான்சின் பொதுச் சட்டத்திலிருந்து விலகினால் சலுகைகளும் விலகிவிடும் என்பது ஆதரித்தவர்கள் அச்சம். கையைக் கட்டிப்போட்டுக்கொண்டோம் என்பது எதிர்த்தவர்கள் வாதம். தேர்தல் வந்தால் இன்றும் இந்தப் பத்தியை வெளியே எடுப்பார்கள்.

எது யாருடையது என்பதை நினைவில் வைக்க ஒரு குழந்தையின் படிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொடக்கப்பள்ளிக் கட்டடம் கொம்யூனுடையது, சேர்க்கைக்கு மேரி. கொலேஜ் எனப்படும் நடுநிலைப்பள்ளிக் கட்டடம் மாவட்டத்துடையது. லிசே எனப்படும் மேல்நிலைப்பள்ளிக் கட்டடம் மண்டலத்துடையது. மூன்றிலும் ஆசிரியர் சம்பளம் அரசு, அதாவது அதன் கல்வி அலுவலகமான ரெக்தொரா. கூரை ஒழுகினால் ஒருவர், ஆசிரியர் வராவிட்டால் இன்னொருவர். சாலையும் அப்படியே: என் 1, என் 2 என்று என் எழுத்தில் தொடங்குபவை பெயருக்குத் தேசியச் சாலை, ஆனால் 2008 முதல் மண்டலத்தின் கையில். டி எழுத்தில் தொடங்குபவை மாவட்டத்துடையவை. மற்றவை கொம்யூனுடையவை. முதியோர் உதவி, தாய்சேய் நலம் எல்லாம் மாவட்டம். வருமானம் இல்லாதோருக்கான உதவித்தொகை 2020 முதல் அரசின் கையில். கடவுச்சீட்டு, குடியிருப்பு அனுமதி அரசின் வேலை. கடவுச்சீட்டு விண்ணப்பத்தை மேரியில் வாங்கிக்கொள்வார்கள், வெளிநாட்டவர் அனுமதி பிரெஃபெக்தூரில்.

பிறப்புப் பதிவுக்குக் கெடு ஐந்து நாள். குடியிருக்கும் ஊரின் மேரி அல்ல, குழந்தை பிறந்த ஊரின் மேரி. சலாசியில் குடியிருந்து சேன் பெனுவா மருத்துவமனையில் பிரசவம் என்றால் சேன் பெனுவா மேரிதான். கெடு தப்பினால் நீதிமன்றம் போய்த் தீர்ப்பு வாங்க வேண்டும்.

குருக்களாக வருபவர்கள் தவறாமல் தெரிந்துகொள்ள வேண்டியது: மேரியில் சட்டப்படித் திருமணம் முடிந்த சான்றைப் பார்க்காமல் தாலிகட்டு நடத்தி வைக்கக் கூடாது. அதையே வழக்கமாகச் செய்பவருக்கு ஆறு மாதச் சிறையும் 7,500 யூரோ அபராதமும் என்று தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது. முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு என்றால் மேரித் திருமணத்தை முதல் நாளோ அதற்கு முன்போ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஊரில் நடப்பது போல "பதிவு அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

கோவில்கள் பெரும்பாலும் சங்கமாகப் பதிவானவை. 1901 சட்டப்படிச் சங்கம் தொடங்க இருவர் போதும். விதிமுறை எழுதி, கூட்டம் கூட்டி, பொறுப்பாளர்களைத் தேர்ந்து, அரசிடம் அறிவித்தால் அரசிதழில் வெளியாகும். தடுமாறுவது பின்னால்தான்: தலைவரோ பொருளாளரோ மாறினால் மூன்று மாதத்துக்குள் அறிவிக்க வேண்டும். நிர்வாகச் சண்டையில் இதை விட்டுவிட்டால், வங்கி பழைய பெயரில் இருப்பவரின் கையெழுத்தைத்தான் கேட்கும், புதிய தலைவர் காசோலை எழுத முடியாது.

காவடி, தீமிதி ஊர்வலத்துக்குச் சாலையை மறிக்க வேண்டுமென்றால் மேயரின் ஆணை வேண்டும். ஊர் தொடங்கும் இடத்தில் சிவப்பு விளிம்போடு ஒரு வெள்ளைப் பலகையில் ஊர்ப்பெயர் இருக்கும். அந்தப் பலகைக்கு உட்பட்ட பகுதியில், சாலை மண்டலத்துடையதானாலும் மாவட்டத்துடையதானாலும் போக்குவரத்து அதிகாரம் மேயருக்குத்தான். பலகைக்கு வெளியே ஊர்வலம் நீண்டால் சாலைக்கு உரியவரிடமும் போக வேண்டும். ஊர்வலப் பாதை ஓடைப் பாலத்தைத் தாண்டினால் இரண்டு மேயர்கள், இரண்டு ஆணைகள். தைப்பூசம் புயல் பருவத்தில் விழுவதால் மாற்றுத் தேதியையும் கடிதத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

கோவிலை இடித்துக் கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அனுமதி மேரியில். தனி வீட்டுக்கு இரண்டு மாதம், மக்கள் கூடும் கட்டடத்துக்கு ஐந்து மாதம்; கோப்பு முழுமையானால்தான் அந்தக் கணக்கே தொடங்கும். அதற்கு முன் பேரிடர்த் தடுப்பு வரைபடத்தைப் பாருங்கள். தண்ணீர் வசதிக்காக ஓடைக்கரையில் எழுப்பிய பழைய கோவில்கள் பல இடங்களில் சிவப்புப் பகுதிக்குள் வந்துவிடும். அங்கே பழுதுபார்க்கலாம், பெரிதாக்க முடியாது. இராசகோபுர வரைபடத்துக்கு ஊரில் ஸ்தபதியிடம் முன்பணம் கொடுத்துவிட்டு அப்புறம் வரைபடம் பார்ப்பது தலைகீழ்.

புயல், ஓடை, நெருப்பு

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம். எச்சரிக்கை விடுப்பவர் பிரெஃபெக்தூரின் தலைவரான பிரெஃபே, வானிலைத் துறை சொல்வதைக் கேட்டு. மஞ்சள்: 24 முதல் 72 மணி நேரத்துக்குள் ஆபத்து இருக்கலாம், தண்ணீர், மெழுகுவத்தி, பேட்டரி ரேடியோ, மருந்து வாங்கி வைக்கும் நேரம். ஆரஞ்சு: 24 மணி நேரத்துக்குள், பள்ளிகள் மூடும், வேலை நடக்கும். சிவப்பு: மூன்று மணி நேர முன்னறிவிப்போடு வரும், அதன்பின் யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது. ஊதா: மீட்புப் படையும் வெளியே வராது. 2024 ஜனவரி 15 பெலால் புயலில்தான் ஊதாவை முதன்முறை பயன்படுத்தினார்கள். புயலை ஆராயும் மண்டல மையம் சேன் தெனியில் இருந்தாலும் பெயர் வைப்பது இவர்கள் இல்லை: கிழக்கு 55 பாகைக்கு அந்தப்பக்கம் உருவானால் மொரீஷியஸ், இந்தப்பக்கமானால் மடகாஸ்கர்.

காற்றை விடத் தண்ணீர்தான் அதிகம் பேரைக் கொல்கிறது, அதுவும் தரைப்பாலங்களில். ஓடையின் படுகையிலேயே சிமெண்ட் தளம் போட்ட தரைப்பாலம் ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும். கடலோரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மேகம் உடைந்தால், சில நிமிடங்களில் பழுப்பு நிறத்தில் கல்லும் மரமுமாக வெள்ளம் இறங்கும். முட்டியைத் தொடாத 30 செ.மீ. தண்ணீர் காரை நகர்த்தப் போதும். எதிர்க்கரையில் வீடு தெரிகிறதே என்று இறங்குகிறவர்கள்தான் அடித்துச் செல்லப்படுகிறார்கள். தடுப்புக் கம்பி போட்டிருந்தால் வண்டியைத் திருப்புங்கள், சுற்றிப் போக ஒரு மணி நேரம் ஆனாலும் சரி. குழாய்த் தண்ணீர் பல இடங்களில் ஓடையிலிருந்தே எடுப்பது. பெருமழைக்குப் பின் கலங்கி வரும். தெளிந்துவிட்டது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், அறிவிப்பு வரும்வரை காய்ச்சியோ புட்டித் தண்ணீரோ குடியுங்கள்.

எரிமலை வேறு மாதிரி. அதன் பெருவாய் ஆன்க்ளோ ஃபூக்கே என்ற குதிரைலாட வடிவப் பள்ளத்துக்குள் இருக்கிறது, கடல் பக்கம் திறந்தது. நெருப்புக் குழம்பு பெரும்பாலும் ஆளில்லாத அந்தச் சரிவிலேயே ஓடிவிடும். 1977-ல் பள்ளத்துக்கு வெளியே வெடித்து பித்தோன் சேந்த் ரோஸ் ஊருக்குள் புகுந்தது, மாதா கோவில் வாசல்வரை வந்து நின்றது. அதன்பிறகுதான் 1979-ல் பூர்க் மூராவில் ஆய்வுநிலையம் வைத்தார்கள். பார்க்கப் போகும் சாலை தம்போன் கொம்யூன் வழியாக ஏறுகிறது, ஆனால் எரிமலை சேந்த் ரோஸ், சேன் ஃபிலிப் பக்கம். நடுக்கம் கூடினால் பிரெஃபே முதல் எச்சரிக்கை விடுவார், பள்ளத்துக்குள் இறங்கும் நடைபாதை தொடங்கும் பாஸ் தெ பெல்கோம்பில் கதவைப் பூட்டுவார்கள். 2007 ஏப்ரலில் உச்சிப் பள்ளம் சுமார் 300 மீட்டர் உள்ளே சரிந்தது, குழம்பு என் 2 சாலையைக் கடந்து கடலில் இறங்கியது. கிழக்கையும் தெற்கையும் கடலோரமாக இணைப்பது அந்தச் சாலை ஒன்றே. அது அறுந்தால் ப்ளேன் எனப்படும் மேட்டுச் சமவெளிகள் வழியாக என் 3-ல் மலையேறித்தான் சுற்ற வேண்டும்.

வடக்குக்கும் மேற்குக்கும் நடுவே இதே கதை. சேன் தெனி முதல் லா பொசெசியோன் வரை செங்குத்துப் பாறை கடலில் கால் வைக்கிறது. 1963-ல் பாறையடியில் போட்ட சாலையை 1976-ல் நான்கு வழியாக்கினார்கள். மேலிருந்து கல் விழுந்து உயிர்கள் போயின. மழை பெய்தால் பாறையோர வழிகளை மூடுவார்கள், நெரிசல் லெ போர் வரை நிற்கும். மாற்று என்றால் லா மொந்தாஞ் மலைச்சாலை, டி 41, வளைவுக்குமேல் வளைவு. இப்போது கடலுக்குள் 5.4 கி.மீ. தூண்பாலம்: 2022 ஆகஸ்டில் ஒரு திசை, 2023 மார்ச்சில் இரு திசையும் திறந்தது. அது க்ராந்த் ஷலூப்பில் கரையேறுகிறது. அங்கிருந்து லா பொசெசியோன் வரையான மிச்சத்துக்கு அணைக்கரை போடப் போதிய பாறை கிடைக்காமல் இழுத்தடித்து, அதையும் தூண்பாலமாக்க முடிவெடுத்தார்கள். க்ராந்த் ஷலூப் ஓடைதான் இரண்டு கொம்யூன்களுக்கும் எல்லை. புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரைத் தொற்று நோய்க்கு அஞ்சி அடைத்து வைத்த லாசரே கட்டடங்கள் அங்கேதான் நிற்கின்றன, ஒரு பகுதி இப்போது அருங்காட்சியகம். இங்கே தமிழ் வம்சாவளியினர் எத்தனை பேர் என்று அரசுக் கணக்கு கிடையாது. பிரெஞ்சுக் கணக்கெடுப்பு இனத்தைக் கேட்பதில்லை.

கடைசியாகச் சில்லறை விவரங்கள். ரீயூனியன் ஐரோப்பிய ஒன்றியத்தில் உண்டு, பணம் யூரோ, ஆனால் ஷெங்கன் பகுதியில் இல்லை. பாரிஸுக்கு வாங்கிய ஷெங்கன் விசாவை மட்டும் நம்பி விமானம் ஏறினால் திருப்பி அனுப்புவார்கள். விற்பனை வரி பிரான்சில் 20 சதவீதம், இங்கே 8.5, அதற்குப் பதில் ஒக்த்ருவா தெ மேர் என்ற கடல்வரி உண்டு. விகிதம் வைப்பது மண்டல மன்றம், பணத்தின் பெரும்பகுதி கொம்யூன்களுக்கு. பிரான்சிலிருந்து வரும் பொட்டலமும் சுங்கத்தைத் தாண்டித்தான் வரும், பொருளின் மதிப்பைச் சரியாக எழுதச் சொல்லுங்கள். பள்ளி ஆண்டு ஆகஸ்ட் நடுவில் தொடங்கும், நீண்ட விடுமுறை டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரிக் கடைசி வரை. ஊர் விமான டிக்கெட் அப்போது எட்டாத விலை. நேரம் இந்தியாவுக்கு ஒன்றரை மணி பின்னால், ஆண்டு முழுதும் மாறாது. ஊரிலிருந்து அழைப்பவர்கள் +262 போட்டபின், உள்ளூர் எண்ணின் முன்னால் இருக்கும் சைபரை விட்டுவிட வேண்டும். வீட்டுத் தொலைபேசி என்றால் 262 இரண்டு முறை வரும், அது தட்டச்சுப் பிழை இல்லை. கைபேசி என்றால் 692 அல்லது 693.